சிவப்புக் கோட்டில் ஒரு சின்னப் படி

1

இந்தக் கதை ஓர் எரிச்சலில் பிறந்தது. உள்ளொளி, தரிசனம் என்றெல்லாம் சொல்லி உங்களை ஏமாற்ற விருப்பமில்லை. இடம், பல் மருத்துவர் வீட்டு வரவேற்பறை. பக்கத்தில் கன்னம் வீங்கிப்போய் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கார் பந்தயக் குழு ஒன்றில் வேலை என்றார். வலியை மறக்க யாரிடமாவது பேச வேண்டும் அவருக்கு, நான் அகப்பட்டேன். செல்போனை நீட்டினார். கறுப்புத் திரையில் இரண்டு கோடுகள்.

"இது பிரேக்குங்க. எந்த இடத்துல எவ்வளவு அழுத்துனாங்கன்னு காட்டும். நீலம் ஒரு பையன். சிவப்பு ஒரு பொண்ணு. இங்க பாருங்க."

நீலம் சுவர் போல நேராக ஏறியிருந்தது. சிவப்பும் அப்படித்தான் ஏறியது. ஆனால் பாதி உயரத்தில் சின்னதாக ஒரு படி. அங்கே நின்று, பிறகு மேலே போயிருந்தது.

"என்ன அது?"

"தயக்கம். உள்ளுக்குள்ள பயம்னு அர்த்தம்."

"அவங்களக் கேட்டீங்களா?"

"எதுக்குங்க கேக்கணும்? அதான் கோடு சொல்லுதே."

அதற்குள் அவரை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். பல்லைப் பிடுங்கும்போது அவருக்கு வலித்ததா என்று தெரியாது. வலித்திருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். இந்தக் கதைக்கு நான் போட்ட முதலீடு அந்த நினைப்புதான். மற்றபடி பந்தயக் காரில் நான் உட்கார்ந்ததில்லை. அந்தச் சத்தம் எனக்கு ஆகாது. இனி வருவதெல்லாம் கட்டியது. கட்டியதற்குப் பொறுப்பு நான்.

2

முதல் தொடக்கம்: "எஞ்சின்கள் உறுமின. பல்லாயிரம் கண்கள் ஒரே திசையில்"

நிறுத்தினேன். எந்தக் கண்ணும் இல்லை. நான் எழுதப்போகும் போட்டி ஜன்னல் இல்லாத ஓர் அறையில் நடக்கிறது. எஞ்சின் உறுமல் ஒலிபெருக்கியிலிருந்து வருகிறது. மூலையில் ஏசி ஒழுகுகிறது. அடியில் ஒரு வாளி.

இரண்டாவது: "அப்பாவின் சிதைக்கு முன் அவள் ஒரு சபதம்"

இது அப்பட்டமான அனுதாபப் பிச்சை. ஒரு பெண் வேகமாக ஓட்ட ஆசைப்படுவதற்கு ஏன் ஒரு மனிதர் சாக வேண்டும்? அவளுடைய அப்பா உயிரோடு இருக்கிறார். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு இரண்டையும் கூட்டாளிகளாக வைத்துக்கொண்டு டிவி பார்க்கிறார். அவருக்கும் இந்தக் கதைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

மூன்றாவது நின்றது:

ஒரே ஓர் இடம்தான் காலி. அடுத்த பருவம் முழுக்க ஒரு பந்தயக் குழுவின் காரை ஓட்டப்போவது ஒருவர். கேட்டு நிற்பவர்கள் இருவர்.

ஒருத்திக்கு மெக்கானிக்குகள் வைத்த பெயர் ஆணி. குள்ளம். அடித்தால் உள்ளே போவாள், பிடுங்கினால் வெளியே வரமாட்டாள் என்பது அவர்கள் சொன்ன விளக்கம். இன்னொருவன் மாப்பிள்ளை. நெட்டை. எண்ணெய்க் கறை படிந்த கொட்டகைக்குள்ளும் சலவை மடிப்பு கலையாமல் நடப்பவன். இருவரும் கெட்டிக்காரர்கள். இதை இப்போதே சொல்லிவைக்கிறேன். பின்னால் அவனை மட்டம் தட்டி அவளை உயர்த்தினேன் என்று யாரும் வரக்கூடாது.

நிஜக் காரில் ஓட்டிப் பார்க்க இருவருக்கும் தலைக்கு ஒரு நாள் கொடுத்தார்கள். இரண்டு நாளும் மழை. ஈரத்தில் யாரும் பிரேக்கை முழுசாக மிதிப்பதில்லை, அதனால் அந்தக் கணக்கு செல்லாது என்று தள்ளிவிட்டார்கள். மிச்சம் இருந்தது சிமுலேட்டர்.

சிமுலேட்டர் என்பது ஓடாத கார். காரின் நடுவயிற்றை அறுத்து மேடையில் வைத்தது போல இருக்கும். சுற்றி வளைந்த திரை, திரையில் ஓடுதளம். ஸ்டியரிங் நிஜம், பிரேக் நிஜம், ஆக்சிலரேட்டர் நிஜம். மற்றதெல்லாம் பொய். கால் எவ்வளவு அழுத்தியது, கை எவ்வளவு திரும்பியது என்று ஒவ்வொரு நொடியையும் பொடிப்பொடியாக நறுக்கிக் கோடாக வரைந்துவிடும். நிஜக் காரிலிருந்தும் இதே கோடுகள் வரும், டெலிமெட்ரி என்பார்கள். அந்தக் கோடுகளைப் பார்த்து ஓட்டுநரை எடைபோட ஒருவர் இருக்கிறார். டேட்டா எஞ்சினியர். மெக்கானிக்குகள் அவரை ஜோசியர் என்பார்கள். ரேகை பார்த்துப் பலன் சொல்கிறவரை வேறு எப்படிக் கூப்பிடுவது?

3

(ஜோசியரை முதலில் வில்லனாக எழுதினேன். ஒல்லியான உதடு, இளக்காரச் சிரிப்பு. அந்தப் பக்கங்களைக் கிழித்துவிட்டேன். கெட்டவன் செய்த அநியாயம் என்றால் வாசகர் நிம்மதியாகத் தூங்கிவிடுவார். ஜோசியர் நல்லவர். இரண்டு பேரையும் ஒரே தராசில் எடை போடுகிறோம் என்று உண்மையிலேயே நம்புகிறவர். அதுதான் சிக்கல்.)

கூட்ட அறையில் நான்கு பேர். மேனேஜர், ஜோசியர், மாப்பிள்ளை, அவள். திரையில் சிவப்பும் நீலமும் ஒன்றின்மேல் ஒன்று.

"திருப்பத்துல எல்லாம் உங்க கை சுத்தம்மா," என்றார் ஜோசியர். "அவரவிட நல்லாவே இருக்கு. ஆனா பெரிய பிரேக் வர்ற இடமெல்லாம் பாருங்க. பாதியில ஒரு படி. என்னைக்கோ ஒரு தடவைன்னா விட்டுடலாம். எல்லா சுத்துலயும் இருக்கு."

"நான் நிறுத்தவே இல்லண்ணா. ஒரே மிதிதான் மிதிச்சேன்."

"மிதிச்ச மாதிரி உங்களுக்குத் தோணுது. கோடு வேற சொல்லுது."

"விடுங்கண்ணா," என்றான் மாப்பிள்ளை. "அவ உயரத்துக்குப் படி வச்சுதான ஏறணும்."

மேனேஜர் சிரிப்பை இருமலாக்கிக்கொண்டார்.

"உன் வாய்க்கும் ஒரு கோடு போடச் சொல்லு மாப்ள," என்றாள் அவள். "பிரேக்கே இல்லாம போகும்."

மாப்பிள்ளையே சிரித்துவிட்டான். ஜோசியர் சிரிக்கவில்லை. வருத்தப்பட்டார். வருத்தத்தோடு, அவள் பெயருக்கு எதிரே இருந்த கட்டத்தில் தட்டினார்: அழுத்தமான பிரேக்கில் தயக்கம்.

குழுவின் பெரியவர்கள் கூடி முடிவு சொல்ல இன்னும் சில நாள் இருக்கிறது என்றார் மேனேஜர். அவர் குரலிலேயே முடிவு இருந்தது.

4

ஒரு சொல்லை ஒருவர்மேல் ஒட்டிவிட்டால் அவரே அதைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிடுவார். அவளுக்கும் அதுதான் நடந்தது. சாலையைக் கடக்க நின்றாள். இடதும் வலதும் பார்த்தாள். உடனே, தயங்குகிறேனோ என்று தோன்றியது. கடையில் சோப்பை எடுத்து, வைத்து, வேறு எடுத்தாள். தயக்கம். அக்கா ஏதோ கேட்டாள். பதில் சொல்ல ஒரு கணம் ஆனது. தயக்கம். பிரேக்கில் கால் வைத்த கணங்களை நினைவுக்குக் கொண்டுவந்து பார்த்தாள். அங்கே பயம் எதுவும் இருந்ததாக நினைவில்லை. ஆனால் நினைவைவிடக் கோடு நிச்சயமாக இருந்தது. கடைசியில்

(இங்கே "கடைசியில் அவள் கண்ணாடி முன் நின்று அழுதாள்" என்று எழுதியிருந்தேன். அழவில்லை. அடித்துவிட்டேன்.)

கடைசியில் அவளை மீட்டது ஒரு பீரோ.

அக்கா மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். நாள் முழுக்க ஈரப் போர்வை தூக்கி அவளுக்குத் தோள் போயிருந்தது. சுவரில் ஈரம் ஊறித் துணியெல்லாம் பூஞ்சை வாசம் அடிக்க, பீரோவை நகர்த்தித் தரச் சொன்னாள். ஒடுக்கமான அறை. கையால் தள்ள இடமில்லை. எனவே தங்கை தரையில் உட்கார்ந்து, எதிர்ச் சுவரில் முதுகைக் கொடுத்து, பாதங்களைப் பீரோவில் ஊன்றினாள். சுவர் முதுகை உறுத்தியது. ஒரு தலையணையை இடையில் செருகிக்கொண்டாள்.

மிதித்தாள். முதலில் தலையணைதான் அமுங்கியது. உடம்பு பின்னால் போனது. கால் நீண்டது, பீரோ அசையவில்லை. தலையணை இனி அமுங்க இடமில்லை என்று ஆன பிறகுதான் பலம் காலுக்கு வந்தது.

அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி, மூச்சு வாங்குதா?" என்றாள் அக்கா.

அவள் தலையணையை உருவி எறிந்தாள். வெறும் சுவரில் முதுகை வைத்து ஒரே மிதி. பீரோ கரகரவென்று நகர்ந்தது. உள்ளே பாட்டில்கள் உருண்டன.

"போதும் போதும், அங்கயே இருக்கட்டும்."

"இரு அக்கா," என்று தலையணையை மறுபடி எடுத்துச் செருகினாள்.

"கிறுக்கு புடிச்சிருக்கா? அதான் நகந்துடுச்சே. பீரோவோட என்னடி சண்டை ஒனக்கு?"

"பீரோவோட இல்லக்கா," என்று சொல்லிவிட்டு மறுபடி மிதித்தாள். பாதியில் ஒரு படி இருந்தது. பயமே இல்லாத படி.

5

உங்கள் முணுமுணுப்பு காதில் விழுகிறது. பீரோ மிகவும் வசதியாக வந்துவிட்டது என்கிறீர்கள். சரிதான். வேறு வழிகளையும் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவளே நிபுணரைப் போல விளக்கினாள். பாடப்புத்தகம் மாதிரி இருந்தது. ஒன்றில் கனவு கண்டாள். அதை எழுதிய கையைக் கழுவிக்கொண்டேன். உடம்புக்குத் தெரிய வேண்டிய விஷயம் உடம்பு வழியாகத்தான் வர வேண்டும். பீரோ இருக்கும்.

விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.* நிஜக் காரில் ஒவ்வொரு ஓட்டுநருக்கும் தனி சீட். ஒரு பையில் நுரைத் திரவத்தை ஊற்றி அதன்மேல் ஆளை உட்கார வைப்பார்கள். நுரை பொங்கி, முதுகின் வளைவெல்லாம் வாங்கிக்கொண்டு கல்லாக இறுகும். சிமுலேட்டரில் இருந்தது பழைய ஓட்டுநர் ஒருவருக்கு வார்த்த சீட். அவர் நெட்டை. மாப்பிள்ளைக்கு அது சட்டை போலப் பொருந்தியது. அவளுக்குப் பிரேக் எட்டவில்லை. எனவே முதுகுக்குப் பின்னால் ஸ்பாஞ்சுக் கட்டிகளைச் சொருகினார்கள். ஓடுகிற கார் பிரேக் பிடித்தால் உடம்பே முன்னால் பாய்ந்து காலுக்குப் பலம் சேர்க்கும். ஓடாத காரில் அது கிடையாது. முதுகை எதிலாவது முட்டுக் கொடுத்துத்தான் மிதிக்க வேண்டும். அவள் முட்டுக் கொடுத்தது ஸ்பாஞ்சில்.

எல்லாருக்கும் ஒரே சீட் என்பது அந்தக் குழுவின் பெருமை. பாரபட்சம் இல்லை என்பதற்கு அதைத்தான் ஆதாரமாகக் காட்டுவார்கள்.

* என் அம்மா செங்கல் சூளையில் கூடை சுமந்தாள். மேஸ்திரி எல்லாருக்கும் ஒரே அளவுக் கூடைதான் கொடுப்பான். நேர்மையானவன். கூடையை அளப்பான், கழுத்தை அளந்ததில்லை. இதைக் கதைக்குள் வைத்தால் பாரம் கூடிவிடும் என்று அடியில் வைத்தேன்.

6

மேனேஜர் அறையில் அவள் உட்காரவில்லை. மாப்பிள்ளை ஏற்கெனவே அங்கே உட்கார்ந்து, பந்தய உடை அளவு பற்றி ஏதோ பேசிக்கொண்டிருந்தான். முடிவு வருவதற்கு முன்பே உடை அளவு.

"ஸ்பாஞ்சா?" என்றார் மேனேஜர். "இப்ப வந்து ஸ்பாஞ்சுன்னா கேக்குறவன் என்னம்மா நினைப்பான்? தோத்ததுக்குச் சாக்குன்னுதான் நினைப்பான்."

"முதல் நாளே சொன்னேன் சார், அமுங்குதுன்னு."

"சொன்னீங்க. பரவாயில்ல, சமாளிச்சுக்குறேன்னும் நீங்கதான் சொன்னீங்க."

அது உண்மை. வந்த முதல் நாளே குறை சொல்கிற பெண் என்று பெயர் எடுக்க அவளுக்கு இஷ்டமில்லை. சமாளிப்பதைத்தான் அவளுக்குச் சின்ன வயதிலிருந்து பாராட்டியிருக்கிறார்கள்.

"ஒங்களுக்கு மட்டும் இன்னொரு தடவை குடுத்தா அவருக்கு அநியாயம் இல்லியா? நான் யாருக்கும் விசேஷம் பண்றதில்ல. எல்லாருக்கும் ஒரே சீட். அதான் இங்க சட்டம்."

"ஒரே சீட்."

"ஆமா."

"சரி சார். அப்ப மழையில ஓட்டுனப்ப எனக்கு வார்த்தாங்களே, அந்த சீட்ட எடுத்து மாட்டுங்க. நானும் ஓட்டுறேன், இவனும் அதுலயே ஓட்டட்டும். ஒரே சீட்தான?"

மாப்பிள்ளை சத்தமாகச் சிரித்தான்.

"அதுல என் ஒரு கால்தான் போகும்."

"ஒரு கால வச்சு ஓட்டு. சமாளிச்சுக்கோ. நான் சமாளிக்கல?"

"ஏன், பயமா எனக்கு?"

"அத நான் சொல்லக்கூடாது மாப்ள. கோடு சொல்லும்."

அவன் சிரிப்பு நின்றது. எழுந்தான். சலவை மடிப்பை நீவிக்கொண்டான். "மாட்டச் சொல்லுங்க சார். எதுல ஒக்காந்தாலும் நான் நான்தான்."

(நிஜத்தில் இவன் ஒத்துக்கொள்வானா? மாட்டான். இடம் ஏறக்குறைய கைக்கு வந்தாயிற்று, புத்தியுள்ளவன் நழுவிவிடுவான். எனக்கும் தெரியும். ஆனால் நிஜத்தில் நடப்பதை எழுதுவதற்குத்தான் கோடு போடும் எந்திரம் இருக்கிறதே. என் கதையில் அவனுக்குக் கொஞ்சம் ரோஷம் வைத்திருக்கிறேன். அது அவனுக்கு நான் செய்த மரியாதை.)

7

சீட் மாற்றும்போதே செய்தி பரவி, சிமுலேட்டர் அறையில் நிற்க இடமில்லை. டயர் மாற்றுகிறவர்கள், பெயின்ட் அடிக்கிறவர், கணக்குப் பார்க்கும் அம்மாள் எல்லாரும் சுவரோரம் நின்றார்கள். யாரோ வாளியில் காலை விட்டார்.

முதலில் அவள். முதுகு கல்போன்ற அச்சில் பதிந்தது. பெரிய பிரேக் வந்தது. மிதித்தாள். ஜோசியரின் திரையில் சிவப்பு நேராக ஏறியது. நடுவில் எங்கேயும் நிற்கவில்லை. அடுத்த சுற்றிலும் அப்படியே. ஜோசியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். படி இல்லை.

இந்த இடத்தில் அவளுடைய நேரம் மாப்பிள்ளையின் பழைய நேரத்தை முறியடித்தது என்று எழுத என் விரல் துடித்தது. எழுதமாட்டேன். நேரம் நன்றாகக் குறைந்தது. ஆனாலும் அவனுடைய பழைய நேரத்துக்கு ஒரு மயிரிழை பின்னால்தான் நின்றது. அந்த மயிரிழை அவளுடையது. ஸ்பாஞ்சின்மேல் போட முடியாது. அவளே அதைப் பார்த்து, "இது என் கணக்கு" என்றாள்.

பிறகு மாப்பிள்ளை. அவனை உள்ளே இறக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. முழங்கால்கள் ஸ்டியரிங்கை முட்டின. மடக்கு நாற்காலியை மடக்கி வைத்தது போல இருந்தான்.

"மூச்சு விட முடியுதா மாப்ள?" என்று டயர்க்காரர் கேட்டார்.

"பேசாதீங்கண்ணா. சிரிச்சா இடுப்பு ஒடைஞ்சிரும்."

ஓட்டினான். நன்றாகத்தான் ஓட்டினான். ஆனால் கணுக்காலை மடக்க இடமில்லை. கால் பாதி வழி போய் முழங்கால் இடித்து, வளைத்துக்கொண்டு மிச்சத்தை மிதித்தது. நீலக் கோட்டில் ஒரு படி வந்தது. அடுத்த பிரேக்கில் இரண்டு. நேரம் அவளுக்கு வெகு பின்னால் போய் விழுந்தது.

வெளியே வந்தபோது அவன் முகம் கறுத்திருந்தது. நேராக ஜோசியரிடம் போனான்.

"நான் தயங்கலண்ணா. ஒரே மிதிதான்."

ஜோசியர் நீலக் கோட்டைப் பார்த்தார்.

"மிதிச்ச மாதிரி ஒனக்குத் தோணுது," என்றாள் அவள்.

8

எல்லாரும் போன பிறகு ஜோசியரும் அவளும் மட்டும் இருந்தார்கள். கணினியில் மாப்பிள்ளையின் கட்டம் காலியாக மினுக்கிக்கொண்டிருந்தது.

"இப்ப நான் என்னம்மா எழுதுறது?"

"எனக்கு எழுதினதையே எழுதுங்கண்ணா. கை வரலைன்னா எனக்கு எழுதினத அழிச்சிடுங்க. நடுவுல ஒண்ணும் கிடையாது."

"அவன் தயங்குற ஆளில்லன்னு எனக்குத் தெரியும்மா."

"எப்படித் தெரியும்?"

"அவன் ஓட்டி எத்தன தடவை பாத்திருக்கேன்."

"நான் ஓட்டி?"

"நீங்க ஓட்டுனப்ப மழை..." அவர் நிறுத்திக்கொண்டார்.

அவள் அவருக்கு உதவவில்லை. வாக்கியத்தை அவரே முடிக்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் முடிக்கப்போவதில்லை.

இனி முடிவு. மூன்று எழுதினேன்.

முதலாவதில் அவளுக்கு இடம் கிடைத்தது. டயர்க்காரர்கள் கைதட்டினார்கள். படித்துப் பார்த்தபோது எனக்கே கூச்சமாக இருந்தது. ஒரு சீட்டை மாற்றியதும் உலகம் திருந்திவிட்டது என்று உங்களைத் தட்டிக்கொடுத்து அனுப்ப நான் யார்?

இரண்டாவதில் இடம் மாப்பிள்ளைக்குப் போனது. நடப்பு அப்படித்தான் என்று தலையாட்டுவீர்கள். தலையாட்டுவதிலுள்ள சுகம் எனக்குத் தெரியும். அதைக் கொடுக்க மனமில்லை.

மூன்றாவதில் அவள் கதவை அறைந்து சாத்திவிட்டு வெளியேறினாள். படிக்க ஜோராக இருந்தது. ஆனால் வெளியேறினால் அவள் காரை எங்கே ஓட்டுவாள், உங்கள் வீட்டு வாசலிலா? அவளுக்கு வேண்டியது கௌரவமான தோல்வி இல்லை. அந்தக் கார்.

மூன்றையும் கிழித்தாயிற்று.

இப்போது நடைபாதையில் காலடி கேட்கிறது. மேனேஜர் வருகிறார். பெரியவர்களிடம் பேசிவிட்டு வருகிறார். அவர் வாயில் ஒரு பெயர் இருக்கிறது. எந்தப் பெயர் என்று எனக்குத் தெரியும், சொல்லமாட்டேன். கதவருகே வந்துவிட்டார். கைப்பிடியில் கை வைக்கிறார்.

இங்கே அவரை நிறுத்துகிறேன். காரணம் கேட்காதீர்கள். இந்தக் கதையில் கதவுக்கு வெளியே காத்துக்கிடக்கிறவர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்றால், இந்த ஒரு தடவை அவராக இருக்கட்டும். கால் வலித்தால் மாற்றிக்கொள்வார். சமாளிப்பார்.

உள்ளே அவள் ஒரு நாற்காலியை ஜோசியருக்குப் பக்கத்தில் இழுத்துப்போட்டு உட்கார்ந்திருக்கிறாள். மாப்பிள்ளையின் பழைய நீலக் கோட்டையும் தன் புதிய சிவப்புக் கோட்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைக்கச் சொல்லி, அந்த மயிரிழை எந்தத் திருப்பத்தில் விட்டுப்போனது என்று தேடிக்கொண்டிருக்கிறாள். "இங்கண்ணா, கொஞ்சம் பெருசு பண்ணுங்க" என்கிறாள். கதவுப் பக்கம் பார்க்கவில்லை.

கதவைத் திறப்பதும் திறக்காததும் உங்கள் பாடு. அவரை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிறுத்தி வைக்கலாம். நான் குறுக்கே வரமாட்டேன். திறப்பதென்றால் ஒன்றை மட்டும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். அவர் எந்தப் பெயரோடு உள்ளே வந்தாலும், முதலில் பேசப்போவது அவள்தான்.